திரும்பி வரும் வழியை முதலில் எழுதுங்கள்: தரவுச் செயலாக்கப் பிரிவுக்கு விதிமுறை வகுப்பது பற்றி ஓர் அறிமுகம்

2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவு நேர பேட்ச் வேலைகளை வரிசைப்படி ஓட்டும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு போட்டார்கள். பகலில் நடந்த வரவு செலவுகளை இரவில் வாடிக்கையாளர் கணக்குகளில் ஏற்றுவதுதான் அந்த பேட்சின் வேலை. மறுநாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய பதிப்புக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. இரண்டு பதிப்புகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. இரவு வேலைகளின் வரிசை குலைந்தது.

ராயல் பேங்க், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பேங்க் மூன்றும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவை. பிரிட்டனில் மட்டும் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சம்பளம் கணக்கில் ஏறவில்லை, வீட்டுக்கடன் தவணை போகவில்லை, வெளிநாட்டுக்குப் போயிருந்தவர்களால் பணம் எடுக்க முடியவில்லை. அல்ஸ்டர் பேங்கில் நிலைமை சீராக ஜூலை 10 ஆனது. 2014 நவம்பரில் அந்நாட்டின் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

புதிய பதிப்பில் கோளாறு வருவது எங்கும் நடப்பதுதான். அது பெரும் விபத்தாக மாறியது, திரும்பி வரும் வழி சோதிக்கப்படாமல் இருந்ததால். ஒரு கம்பெனியின் தரவுச் செயலாக்கப் பிரிவுக்கு (பழைய ஆட்கள் இன்னும் ‘இடிபி’ என்று சொல்வார்களே, அதே பிரிவுதான்) விதிமுறைகள் எழுத உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: வேலை நல்லபடியாக நடக்கும் நாளுக்காக எழுதுவதைவிட, நடக்காத நாளுக்காக எழுதுவது முக்கியம். பெரும்பாலான எஸ்ஓபி (வேலையைச் செய்யும் முறையை எழுதி வைக்கும்) கோப்புகளில் இல்லாமல் போவது அந்தப் பக்கம்தான்.

கொள்கை, தரநிலை, செயல்முறை

மூன்றும் வேறு வேறு. புதிதாக வருபவர்கள் மூன்றையும் ஒரே கோப்பில் கலந்துவிடுவார்கள். பின்னால் அதைத் திருத்துவது பெரிய தலைவலி.

கொள்கை நிர்வாகம் எடுக்கும் முடிவு. ‘ஊழியர்களின் சம்பள விவரத்தை ஊதியப் பிரிவும் நிதி மேலாளரும் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது’ என்பது கொள்கை. தரநிலை என்பது ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுப்பது. ‘எல்லாக் கோப்புப் பெயர்களிலும் தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்க வேண்டும்’ என்பது தரநிலை. செயல்முறை என்பது ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்வது. ‘மாத ஊதியத்தை ஓட்டி பேங்குக்கு ஃபைல் அனுப்புவது எப்படி’ என்பது செயல்முறை.

கொள்கை பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தரநிலை எப்போதாவது மாறும். செயல்முறையோ, மென்பொருளில் ஒரு பட்டன் இடம் மாறினாலே மாறிவிடும். மூன்றையும் ஒரே கோப்பில் வைத்தால், பட்டன் இடம் மாறியதற்காக இயக்குநரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்க மாட்டார்கள். கோப்பு ஒன்று சொல்லும், வேலை வேறு மாதிரி நடக்கும். ஆகவே தனித்தனியாக வையுங்கள். செயல்முறையைத் திருத்தும் உரிமை அந்தப் பிரிவின் தலைவருக்கே இருக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது

தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் வேண்டும் என்றதும் பல கம்பெனிகள் செய்யும் முதல் வேலை, எங்கிருந்தோ ஒரு டெம்ப்ளேட்டை வாங்கி, அதில் தங்கள் கம்பெனியின் பெயரைப் போடுவது. ஆடிட்டர் வரும் நாளுக்கு அது உதவலாம். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யாராலும் ஒரு வேலையைச் செய்ய முடியாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

வேலை செய்கிறவரின் பக்கத்தில் போய் உட்காருவதுதான் சரியான தொடக்கம். மாதக் கடைசி என்றால் மாதக் கடைசியில் உட்கார வேண்டும், 10ஆம் தேதி போய் உட்கார்ந்து பயனில்லை. அவர் செய்வதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், செய்ய வேண்டியதை அல்ல. இடையில் அவர் இப்படி ஏதாவது சொல்வார்: “இந்தக் கிளையிலிருந்து வர்ற ஃபைல் மட்டும் எப்பவும் ஒரு கட்டம் தள்ளி வரும், நான் கையால சரி பண்ணிடுவேன்.” அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். எந்த டெம்ப்ளேட்டிலும் அது கிடைக்காது. அவர் ஒரு வாரம் லீவில் போனால் அந்த மாதம் அந்தக் கிளையின் கணக்கு தப்பாகத்தான் போகும்.

இதற்கு முன்னால், பிரிவில் நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் பட்டியலிட்டுவிடுவது நல்லது. தினசரி, வாரம், மாதம், ஆண்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்கிறார், யாரிடமிருந்து தரவு வருகிறது, யாருக்குப் போகிறது, நின்றுபோனால் முதலில் யார் போன் செய்வார் என்று எழுதுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலைகளுக்கு வட்டம் போடுங்கள். எழுத வேண்டிய வரிசை அந்த வட்டங்களிலேயே தெரிந்துவிடும். ஆண்டு இறுதி வேலைகளை மறந்துவிட வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே செய்வதால், அதைச் செய்தவருக்கே பாதி மறந்திருக்கும்.

ஒரு செயல்முறை எப்படி இருக்க வேண்டும்

மாத ஊதியத்தையே எடுத்துக்கொள்வோம். பல கோப்புகளில் இப்படித்தான் எழுதியிருக்கும்: ‘ஊதிய ஃபைலைச் சரிபார்த்து பேங்குக்கு அனுப்பவும்.’ எதைச் சரிபார்ப்பது, சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது, சரியில்லை என்றால் என்ன செய்வது, மூன்றுக்கும் இதில் பதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

‘பேங்க் ஃபைலில் எத்தனை வரிகள் உள்ளன என்று பார்க்கவும். போன மாத எண்ணிக்கையோடு புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்தால் வரும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் ஃபைலை அனுப்ப வேண்டாம். ஊதிய மேலாளரைக் கூப்பிடவும். மாலை 5 மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் நிதி மேலாளருக்குத் தகவல் சொல்லவும்.’

போன மாதம் 412 பேர், சேர்ந்தவர்கள் 9, விலகியவர்கள் 5 என்றால் இந்த மாதம் 416 வர வேண்டும். 417 வந்தால், விலகிய ஒருவருக்கும் சேர்த்துச் சம்பளம் போகப்போகிறது என்று பொருளாக இருக்கலாம். புதிதாக வேலைக்கு வந்த ஒருவரால்கூட இதைக் கண்டுபிடிக்க முடியும். செய்ய வேண்டியது என்ன, செய்தபின் கண்ணில் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வது, யாரைக் கேட்பது: ஒவ்வொரு படியிலும் இந்த நான்கும் இருந்தால் போதும். படிகள் குறைவாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம்.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பது முதல் கட்டம்தான். இன்னும் இரண்டு கூட்டுத்தொகைகள் உண்டு. ஒன்று, பணத்தின் மொத்தம். உள்ளே வந்த தரவின் மொத்தமும் வெளியே போகும் ஃபைலின் மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். மற்றொன்று ஹாஷ் டோட்டல். கூட்டினால் எந்த அர்த்தமும் தராத எண்களை வேண்டுமென்றே கூட்டுவது இது. மூன்று ஊழியர்களின் எண்கள் 1042, 1057, 1063 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 3162. அந்தத் தொகையால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் டைப் செய்தவர் 1057ஐ 1075 என்று அடித்துவிட்டால் கூட்டுத்தொகை 3180 ஆகிவிடும். ஆட்களின் எண்ணிக்கை மாறவில்லை, பணத்தின் மொத்தம் மாறவில்லை, ஆனால் பணம் வேறு ஒருவருக்குப் போகப்போகிறது. அதைக் காட்டிக்கொடுப்பது இந்த அர்த்தமற்ற தொகை மட்டும்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 18. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு என்பது கணக்குப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே கையாண்ட வழி. இன்றும் அது அப்படியே வேலை செய்கிறது.

தரவுக்கான தரநிலைகள்

இங்கே சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரிய வினையாகும். 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அலுவலகத்திலிருந்து வந்த ஃபைலில் மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலை 1988லேயே இதற்குத் தீர்வு சொல்லிவிட்டது: 2024-04-03 என்று எழுதுங்கள். குழப்பம் தீரும். கோப்புப் பெயரில் இப்படித் தேதி போட்டால் ஃபைல்கள் தாமாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம்.

நம்மூர் பெயர்கள் இன்னொரு கதை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மென்பொருளோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி இரண்டையும் நிரப்பச் சொல்லும். கந்தசாமியின் மகன் முருகன் ஆதாரில் ‘முருகன் கே’, பேங்கில் ‘கே முருகன்’, பான் அட்டையில் ‘முருகன் கந்தசாமி’. பிஎஃப் பணம் எடுக்கப் போகும்போதுதான் மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று தெரிகிறது. அலைவது அந்த ஊழியர். இதற்கு ஒரே ஒரு வரித் தரநிலை போதும்: ‘பெயரை ஒரே கட்டத்தில், இந்த ஆவணத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் பதிய வேண்டும்.’ எந்த ஆவணம் என்பதைக் கம்பெனி முடிவு செய்யட்டும். பதிகிறவர் ஒவ்வொரு முறையும் தானாக முடிவு செய்யும்படி விடக் கூடாது.

தானாகவே பிடிபடும் தவறுகளை மென்பொருளிடம் விட்டுவிடலாம். ஐஎஃப்எஸ்சி எண்ணில் 11 எழுத்துகள், முதல் நான்கும் பேங்கைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிடுவது அன்றாடம் நடக்கும் தவறு. ஒரு சின்ன சரிபார்ப்பு அதை வாசலிலேயே நிறுத்திவிடும். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அது தனிநபருடையதா கம்பெனியுடையதா என்று சொல்லிவிடும். ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் என்ற கணக்கு முறையில் கணக்கிட்டுப் போடப்படுவது. ஒரு இலக்கம் தப்பினாலும், பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும். இந்தச் சரிபார்ப்புகள் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் படிவத்தில் அவற்றைச் சேர்ப்பது மட்டுமே பாக்கி.

எக்செல் பற்றிக் கட்டாயம் ஒரு தரநிலை வேண்டும். எண்களில் 15 இலக்கங்களுக்கு மேல் எக்செல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, அதற்குப் பிறகு வருவதைப் பூஜ்யமாக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே ஒட்டினால் கடைசி இலக்கம் போச்சு. முன்னால் உள்ள பூஜ்யங்களும் போய்விடும். ‘கணக்கு எண், போன் எண், ஊழியர் எண் எல்லாம் எழுத்து வடிவில்தான் இருக்க வேண்டும்’ என்று எழுதி வையுங்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, தினசரிக் கணக்கில் 15,841 கொரோனா நோயாளிகள் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மேலே வந்தவை உள்ளே ஏறவே இல்லை. நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் போக வேண்டிய நாட்கள் வீணாயின. முன்பு சொன்னேனே, உள்ளே வந்த எண்ணிக்கையும் வெளியே போன எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்று, அந்த ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒருவர் செய்ய, ஒருவர் பார்க்க

அட்டையில் துளையிட்டுத் தரவைப் பதிந்த பஞ்ச் கார்டு காலத்தில் ஓர் அழகான நடைமுறை இருந்தது. ஒரு ஆபரேட்டர் கார்டில் துளையிடுவார். அடுத்தவர் அதே தாளைப் பார்த்து, வெரிஃபையர் என்ற இயந்திரத்தில் அதையே மறுபடி முழுக்க டைப் செய்வார். அந்த இயந்திரம் துளையிடாது, ஏற்கெனவே உள்ள துளையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் ஒத்துப்போனால் கார்டின் வலது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். ஒத்துப்போகாத நெடுவரிசைக்கு நேர் மேலே, கார்டின் மேல் விளிம்பில் வெட்டு விழும். கார்டுக் கட்டைக் கையில் எடுத்து ஓரத்தைப் பார்த்தாலே எது சரி, எது தப்பு என்று தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது ஆள் முதல் ஆள் செய்ததைப் பார்த்துத் தலையாட்டவில்லை. மூலத் தாளிலிருந்து தானாக ஒருமுறை செய்கிறார். இன்று நம் பேங்குகளிலும் கம்பெனிகளிலும் உள்ள மேக்கர் (பதிபவர்), செக்கர் (சரிபார்ப்பவர்) முறையில் பல இடங்களில் இது காணாமல் போய்விட்டது. செக்கர் அதே திரையைப் பார்த்து ‘ஓகே’ அடிக்கிறார்.

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி பேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியின் கடனுக்கு வட்டியாகச் சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியதோ முழு அசலையும் சேர்த்து. ஏறக்குறைய 89.4 கோடி டாலர் பேங்கின் சொந்தப் பணம் தவறுதலாக வெளியே போய்விட்டது. அங்கே ஒருவரல்ல, மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் முறை இருந்தது. இந்தியாவிலிருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் இருவர், அமெரிக்காவிலிருந்த பேங்க் அதிகாரி ஒருவர். அசல் வெளியே போகாமல் இருக்க அந்த மென்பொருளில் மூன்று கட்டங்களில் உள்கணக்கின் எண்ணைப் பதிய வேண்டும். அசல் என்று பெயர் போட்டிருந்த ஒரு கட்டத்தில் மட்டும் பதிந்தால் போதும் என்று மூவருமே நினைத்தார்கள். ரெவ்லானுக்குக் கடன் கொடுத்திருந்த சிலர், வந்த பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் வழக்கு இரண்டு ஆண்டுகள் இழுத்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் பேங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

மூவர் மீதும் பழி போட்டுப் பயனில்லை என்பது என் எண்ணம். மூவருக்கும் தெரிந்தது ஒன்றேதான் என்றால், மூவர் பார்ப்பதும் ஒருவர் பார்ப்பதும் ஒன்றுதான். செக்கருக்கான செயல்முறையைத் தனியாக எழுத வேண்டும். அவர் வேறு ஒரு மூலத்திலிருந்து, வேறு ஒரு கோணத்தில் பார்க்க வேண்டும். மேக்கர் கட்டங்களைப் பார்த்தால், செக்கர் ‘இன்று வெளியே போகும் மொத்தத் தொகை எவ்வளவு, அது நான் எதிர்பார்த்ததா’ என்று பார்க்கட்டும்.

மாற்றம் செய்யும் நாள்

தரவுப் பிரிவில் பெரிய விபத்துகள் அதிகம் நடப்பது மாற்றம் செய்யும்போதுதான். தொடக்கத்தில் சொன்ன ராயல் பேங்கும் அப்படித்தான். அதே 2012இல், ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் நடந்ததை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க் பங்குச் சந்தையில் அன்று ஒரு புதிய திட்டம் தொடங்க இருந்தது. அதற்காக நைட் தன் மென்பொருளைப் புதுப்பித்தது. மொத்தம் எட்டு சர்வர்கள். புதிய நிரலை ஏற்றிய டெக்னீஷியன் ஏழில் ஏற்றினார், எட்டாவது விட்டுப்போனது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. அப்படி ஒருவர் பார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட விதியும் அந்த நிறுவனத்தில் இல்லை. எட்டாவது சர்வரில் ‘பவர் பெக்’ என்ற, பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கும் குறியீட்டையே புதிய நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறப்பதற்கு முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் ஊழியர்கள் குழுவுக்குத் தானாக வந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, வந்தால் படிக்க வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. யாரும் அவற்றின் பேரில் எதுவும் செய்யவில்லை.

சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் நிறுத்தாமல் ஆர்டர் போட்டுக்கொண்டே இருந்தது. எங்கே கோளாறு என்று புரியாத குழு ஒரு முடிவு எடுத்தது: சரியாக வேலை செய்துகொண்டிருந்த மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியது. அந்த ஏழிலும் பழைய பவர் பெக் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் 39.7 கோடிப் பங்குகள் கைமாறின. நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

ராயல் பேங்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் முதல் தவறு சமாளிக்கக்கூடியதுதான். அதைப் பெரிதாக்கியது, அவசரத்தில், எழுதி வைக்காத வழியில், சோதிக்காமல் திரும்பியதுதான். அதனால்தான் மாற்றச் செயல்முறையில் திரும்பும் பக்கத்தை முதலில் எழுதச் சொல்கிறேன். எந்த நேரம் வரை முயற்சி செய்யலாம், எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வேண்டும், திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, ஒரு சர்வர் மட்டும் வேறு மாதிரி நடந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் வழி எது? இவை முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். சோதனை சர்வரில் ஒருமுறை ஏற்றி, ஒருமுறை இறக்கியும் பார்த்திருக்க வேண்டும். ஏற்றிப் பார்ப்பவர்கள் நிறைய பேர். இறக்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொன்று: நிரல் எழுதியவரே அதை நடப்பு சர்வரில் (உண்மையான வேலை நடக்கும் சர்வரில்) ஏற்றக் கூடாது. சிறிய பிரிவில் ஆள் பற்றாக்குறை இருக்கும்தான். அப்போதும் ஏற்றும்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கலாம். நைட் கேப்பிடலில் எட்டு டிக் அடிக்க ஒருவர் இருந்திருந்தால் போதும்.

பேக்அப்

‘தினமும் பேக்அப் எடுக்கவும்’ என்பதோடு நின்றுபோகும் செயல்முறையை நம்ப வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்அப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், பேக்அப் இருக்க வேண்டிய இடம் காலி. பேக்அப் எடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அது பல நாட்களாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ‘தோற்றுவிட்டேன்’ என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பியிருக்கிறது. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் முழுக்க எழுதி வெளியிட்டது. மீட்புப் பணியை யூட்யூபில் நேரலையாகவே காட்டியது. பேக்அப்பை ஏன் யாரும் சோதிக்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன காரணம், அது யாருடைய பொறுப்பாகவும் இல்லை என்பது. இந்த நேர்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், நம்மால் கற்றுக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

ஆகவே உங்கள் செயல்முறையின் தலைப்பு ‘பேக்அப் எடுப்பது’ என்று இல்லாமல் ‘பேக்அப்பிலிருந்து மீட்பது’ என்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்த்து, வரிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வைக்க வேண்டும். அதற்கு ஒருவர் பெயர் போட்டிருக்க வேண்டும். பிறகு ஒரு சின்னத் தரநிலை: நடப்பு சர்வரின் திரை ஒரு நிறத்திலும் மற்றவை வேறு நிறத்திலும் தெரிய வேண்டும். இரவு பதினோரு மணிக்குக் களைத்த கண்ணுக்கு அது பேருதவி.

சட்டம் சொல்பவை

சில விஷயங்களில் நமக்கு விருப்பம் என்பதே இல்லை. சைபர் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, வரையறுக்கப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை (கம்ப்யூட்டர்கள் தாமாக எழுதி வைக்கும் பதிவுகளை) 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இவற்றைக் கொள்கைக் கோப்பில் அப்படியே பிரதி எடுத்து வைப்பதில் பயனில்லை. ‘6 மணி நேரம்’ என்றால், ஞாயிறு அதிகாலையில் சம்பவம் தெரிந்தால் யார் யாருக்குப் போன் செய்வது, படிவத்தை யார் நிரப்புவது என்று செயல்முறையாக எழுத வேண்டும்.

எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவருவது

ஒவ்வொரு செயல்முறையின் தலையிலும் பொறுப்பாளரின் பெயர், கடைசியாகத் திருத்திய தேதி, கடைசியாக ஒருவர் இதைப் பார்த்து வேலை செய்த தேதி, மூன்றும் இருக்கட்டும். மூன்றாவதைப் பலர் போடுவதில்லை. இது இருந்தால் எது உயிரோடு இருக்கிறது, எது வெறும் காகிதம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விதியை மீற வேண்டிய அவசரங்கள் வரும். அதற்கும் வழி வையுங்கள்: யார் அனுமதித்தார், ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மீறலாம். அந்த வரிகளை மாதம் ஒருமுறை படியுங்கள். ஒரே விதியைத் திரும்பத் திரும்ப மீறுகிறார்கள் என்றால் திருத்த வேண்டியது விதியை.

எழுதி முடித்ததும் அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம், முடிந்தால் பிரிவுக்குப் புதிதாக வந்தவரிடம், கோப்பைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். வழக்கமாகச் செய்பவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. புதியவர் எங்கே தயங்குகிறார், எங்கே நிமிர்ந்து பார்க்கிறார், எங்கே ‘இது எந்த ஃபைல்?’ என்று கேட்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே அந்த இடங்களைத் திருத்துங்கள். அடுத்த மாதம் வேறொருவரிடம் கொடுங்கள். ஓரத்தில் குறிக்க எதுவும் இல்லாத மாதம் வரும்போது, வழக்கமாகச் செய்பவரைக் கூப்பிட்டு, அவர் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் லீவைக் கொடுத்துவிடலாம்.